இரண்டாம் பெட்டியின் இருமல்

அலெக்சாண்டிரியாவின் முதுகுப் பக்கம், கடல் தெரியாத பக்கம், ஸித்தி கலீல் சந்திப்பிலிருந்து ஏரிக்கரைக் கூம் நஹ்ல் வரைக்கும் ஒரு கிளைப் பாதை இருந்தது. தினம் ஆறு நடை ரயில் ஓடியது. ஒரு நடைக்குச் சராசரியாகப் பதினோரு பேர். அதில் ஒருவர் எஞ்சின் ஓட்டும் மஹ்ரூஸ், இன்னொருவர் கண்டக்டர் ஃபிக்ரி. இவர்களைக் கழித்தால் ஒன்பது பேர். அந்த ஒன்பதிலும் ஆறு பேர் எந்த ஊருக்கும் போவதற்காக ஏறியவர்கள் இல்லை.

அந்த ஆறு பேரும் மூன்று ஜோடிகள். கல்யாணம் பேசி முடிந்து, வீடு அமையாமல், கட்டில் பீரோ அமையாமல், வருஷக்கணக்காகக் காத்துக் கிடக்கிறவர்கள். எங்கள் பக்கத்தில் நிச்சயமான பெண்ணும் பிள்ளையும் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச இடம் கிடையாது. வீட்டில் பேசினால் கதவிடுக்கில் தம்பிமார்களின் கண்கள் தெரியும். கடற்கரைக்குப் போனால் சோளம் சுடுகிறவன் ஒன்றுவிட்ட மாமனாக இருப்பான். காலி ரயிலில் அந்தத் தொந்தரவு இல்லை. பெண்ணைப் பெற்றவர்களும் மறுப்புச் சொல்வதில்லை. "ஃபிக்ரி சித்தப்பா ரயில்லதானே போறா, போயிட்டு வரட்டும்" என்று விட்டுவிடுவார்கள்.

ஏனென்றால் ஃபிக்ரியிடம் ஒரு முறை இருந்தது. முதல் பெட்டி கோழிக்கூடைகளுக்கும் கிழவிகளுக்கும். மூன்றாவது பெட்டிக்கு ஜன்னல் கண்ணாடியே கிடையாது, அதில் காற்று மட்டும்தான் பயணம் செய்யும். இரண்டாவது பெட்டி ஜோடிகளுக்கு. ஃபிக்ரி அதன் வாசலில் வெளியே பார்த்தபடி நிற்பார். ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் நடுவில் ஒரே ஒரு தடவை இருமுவார். இருமிவிட்டு மூன்று எண்ணுவார். அதற்குள் யார் யார் கை எங்கெங்கே போயிருந்ததோ, அதெல்லாம் அவரவர் மடிக்குத் திரும்பிவிடும். அதன் பிறகுதான் உள்ளே நடப்பார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் பார்க்கக் கூடாத எதையும் பார்த்ததில்லை, ஜோடிகளும் அவரை அசட்டை செய்ததில்லை. ரொம்ப நியாயமான இருமல் அது.

இந்தப் பாதையை ஜனங்களுக்கென்று யாரும் போடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதலில் ஒரு பெல்ஜியக் கம்பெனி ஏரி உப்பை அள்ளிப் போகப் போட்டது. உப்பு வியாபாரம் படுத்ததும் பாஷா பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனுஷர் தன் வாத்து வேட்டை பங்களா வாசல் வரை தண்டவாளத்தை வளைத்துக்கொண்டார். நேரே போனால் ஒன்பது கிலோமீட்டர். பாஷாவின் வாத்துகளைச் சுற்றிக்கொண்டு போவதால் பதினாலு. பாஷா போய்ச் சேர்ந்தார், வாத்துகளும் போய்ச் சேர்ந்தன, வளைவு மட்டும் அங்கேயே கிடந்தது. பிறகு பருத்தி ஆலை ஆட்கள் வந்தார்கள், கூரை மேலெல்லாம் ஏறிப் போனார்கள். எண்பத்து மூன்றில் வேன்கள் வந்தன. வேன் பன்னிரண்டு நிமிஷத்தில் போய்விடும், ரயிலுக்கு நாற்பது நிமிஷம். அவசரக்காரர்கள் அத்தனை பேரும் வேனுக்குத் தாவிவிட்டார்கள். நாற்பது நிமிஷம் போதவில்லையே என்று வருத்தப்படுகிற ஒரே ஜாதி மட்டும் ரயிலில் மிஞ்சியது. அவர்களுக்கு வாத்து வளைவு ரொம்பப் பிடிக்கும். இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒன்பது நிமிஷம், ஒரே இருமல்.

ஃபிக்ரிக்கு இன்னொரு வேலையும் இருந்தது, அதற்குச் சம்பளம் கிடையாது. எங்கள் ஊரில் பெண்ணைக் கேட்டு ஒருவன் வந்துவிட்டால், பெண் வீட்டார் முதலில் அவனைப் பற்றி நாலு இடத்தில் விசாரிப்பார்கள். வீட்டு வாசல்காரனிடம் கேட்பார்கள், டீக்கடையில் கேட்பார்கள், கூட வேலை பார்க்கிறவனிடம் கேட்பார்கள். எட்டு நிலையத்துக்கும் பொதுவாக ஃபிக்ரியிடம் கேட்பார்கள். அவர் கூட்டிச் சொல்ல மாட்டார், குறைத்துச் சொல்ல மாட்டார். "கோவக்காரன், ஆனா அஞ்சு நிமிஷத்துல எறங்கிடும்" என்பார். "அம்மா பேச்ச மட்டும்தான் கேப்பான், பொண்ணுக்கு அது ஆகுமான்னு பாத்துக்கங்க" என்பார். அவர் தலையாட்டினால் கல்யாணம், ஆட்டாவிட்டால் இல்லை. தன்னுடைய மூன்று தங்கைகளுக்கும் இப்படி விசாரித்து விசாரித்தே மாப்பிள்ளை பார்த்தார். மூன்றாவது தங்கையைக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால் அதில் நாற்பத்திரண்டு வயசுக்காரர் ஒருவர் நின்றார். அவரைப் பற்றி யாரும் யாரிடமும் விசாரிக்க வந்ததில்லை.

அப்போதுதான் கூம் நஹ்ல் நிலையத்துக்கு டிக்கெட் கொடுக்க வெதாத் வந்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள், பிள்ளை குட்டி இல்லை, அண்ணன் ஹாஜி ஷெஹாத்தாவின் ஊறுகாய்க் கடைக்கு மேலே குடியிருந்தாள். டிக்கெட் ஜன்னலின் ஓட்டை சின்னது. அதன் வழியாக ஒரு நெற்றியும் ஒரு கையும்தான் தெரியும். ரயில் திரும்புவதற்கு இருக்கும் இருபது நிமிஷத்தில் அந்தக் கை ஒரு கிளாஸ் தேநீரையும், உப்புத் தண்ணீரில் ஊறிய துர்முஸ் பருப்பு ஒரு பிடியையும் வெளியே தள்ளும். "பருப்பு இன்னிக்கிக் கொஞ்சம் கசக்கும்" என்று நெற்றி சொல்லும். "கசக்கல மேடம்" என்பார் ஃபிக்ரி. கசக்கும். அவர் சொல்கிற ஒரே பொய் அதுதான்.

ஒன்பது வருஷம் இப்படிப் போயிற்று. அந்த ஒன்பது வருஷமும் ஃபிக்ரியின் வாயில் ஒரு வாக்கியம் இருந்தது: "மேடம் வெதாத், உங்களுக்குச் சம்மதம்னா உங்கண்ணன்கிட்ட வந்து பேசட்டுமா?" அவ்வளவுதான். ஸித்தி கலீலில் கிளம்பும்போது வாக்கியம் முழுசாக இருக்கும். வளைவு தாண்டும்போது பாதி கழன்றுவிடும். ஜன்னல் முன்னால் நிற்கும்போது மிச்சமிருப்பது "மேடம்" மட்டும்தான். ஊரார் காதலுக்கெல்லாம் கதவு பிடித்து நின்ற மனுஷன், தன் விஷயத்தில் இப்படி மரக்கட்டையாகப் போனதை என்னவென்று சொல்வது! நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிடுவார். ரயில்தான் தினம் ஓடுகிறதே.

அந்த ரயிலை நிறுத்தப் போவதாக மார்ச் மாதம் நிலையத்துச் சுவரில் காகிதம் ஒட்டினார்கள். ஏப்ரல் முப்பதோடு சரி. ஃபிக்ரியைச் சந்திப்பிலேயே ஒரு மேஜையில் உட்கார வைப்பதாக ஏற்பாடு. வெதாத்தைத் தமன்ஹூருக்கு மாற்றியிருந்தார்கள். காகிதத்தை நாலு தடவை படித்துவிட்டு ஃபிக்ரி தனக்குத்தானே ஒரு கெடு வைத்துக்கொண்டார். ஏப்ரல் முதல் வியாழக்கிழமை சொல்லிவிடுவது, தலையே போனாலும் சொல்லிவிடுவது.

புதன்கிழமை ஹாஜி ஷெஹாத்தா எலுமிச்சை ஊறுகாய் ஜாடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரயிலேறி வந்தார். ஜாடியைப் பார்த்ததுமே ஃபிக்ரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஹாஜி சும்மா ஊறுகாய் கொடுக்கிற ஆள் இல்லை.

"ஃபிக்ரி, நான் விசாரிக்க வந்திருக்கேன்."

"கேளுங்க ஹாஜி. யாரைப் பத்தி?"

"மருந்துக்கடை டாக்டர் ரஃபத். உன் ரயில்லதானே தினம் போறாரு? எப்படிப்பட்ட ஆளு?"

"யாருக்கு ஹாஜி?"

"இதென்ன கேள்வி, நம்ம வெதாத்துக்குத்தான்! தமன்ஹூருக்கு மாத்திட்டானுங்க. ஒத்தப் பொம்பளைய அங்க அனுப்பிட்டு எனக்கு ராத்திரி தூக்கம் வருமா? மனுஷன் பொண்டாட்டிய எழந்தவரு, நாலு காசு இருக்கு, கேட்டு வந்திருக்காரு. சொல்லு."

ஃபிக்ரியின் நெஞ்சு எட்டு நிலையத்தையும் நிற்காமல் தாண்டியது. ரஃபத்திடம் ஒரு குறை வேண்டும். ஒன்றே ஒன்று போதும். மனுஷர் மூளையைக் கசக்கினார்.

"சூரியகாந்தி விதை கொறிப்பாரு" என்றார் கடைசியில்.

"ஓஹோ! தொலிய ரயில்லயே துப்பிடுவாரோ?"

"...இல்ல. சட்டப் பையில போட்டுக்குவாரு."

"பாரேன், என்ன சுத்தம்! வேற?"

"பேப்பர் படிச்சா..."

"என்ன, சத்தமாப் படிப்பாரா?"

"படிச்சிட்டு மடிச்சு சீட்டுலயே வச்சிட்டுப் போவாரு. அடுத்தவங்க படிக்கட்டும்னு."

"தாராள மனசு! டிக்கெட்டு?"

"எடுப்பாரு."

"தினமுமா?"

"இந்த லைன்ல தினம் டிக்கெட் எடுக்கிற ஒரே ஆளு அவருதான் ஹாஜி" என்றார் ஃபிக்ரி. சொல்லும்போது அழுகையே வந்துவிட்டது.

ஹாஜி அவர் தோளைப் பிடித்தார். "கடைசிக் கேள்வி. அல்லா மேல ஆணையாச் சொல்லு. உன் தங்கச்சியா இருந்தா இந்த ஆளுக்குக் குடுப்பியா?"

எங்கள் ஊரில் விசாரணை இந்தக் கேள்வியில்தான் முடியும். இதற்குப் பொய் சொன்னவன் மறுபடி ஊரில் தலைகாட்ட முடியாது. ஃபிக்ரி ஏரியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், ஜாடியைப் பார்த்தார்.

"குடுப்பேன்" என்றார்.

சந்திப்பில் எஞ்சினை நிறுத்தியதும் மஹ்ரூஸ் விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "ஏன்யா, பொய் சொல்லத்தான் தெரியாது, சரி. வாய மூடிக்கவுமா தெரியாது? 'எனக்கு அவரப் பத்தித் தெரியாது ஹாஜி'ன்னு ஒரு வார்த்த! ஒன்பது வருஷமா அந்தப் பொம்பள முன்னாடி மூடின வாய், மூட வேண்டிய நேரம் பாத்துத்தான் திறந்துச்சா?"

"நல்லவரு மஹ்ரூஸ். என்ன பண்ணச் சொல்ற?"

"ஏரியில போய் விழு. ஆழம் இல்ல, பரவால்ல, விழு."

மறுநாள் கெடு வைத்த வியாழக்கிழமை. ஃபிக்ரி மீசையைக் கத்தரித்துக்கொண்டு ஜன்னல் முன்னால் போய் நின்றார். தேநீர் வரவில்லை. பருப்பும் வரவில்லை.

"மேடம்" என்றார்.

"டாக்டர் நல்லவராமே" என்றது நெற்றி. "நீங்களே சொன்னீங்களாமே. ஆணையிட்டுச் சொன்னீங்களாமே."

"நல்லவருதான் மேடம்."

"ரொம்ப நல்லவரோ?"

"...ரொம்ப."

கை டிக்கெட் கட்டை எடுத்து உள்ளே வைத்தது. "அப்ப சரி. எங்கண்ணன் சொல்லும்போது நான் நம்பல. உங்க வாயால கேட்டாச்சு. அடுத்த வாரம் மத்தியான வண்டியில டாக்டரோட வர்றேன். ரெண்டாம் பெட்டியில ரெண்டு சீட்டு துடைச்சு வைங்க."

ஜன்னல் பலகை பட்டென்று சாத்திக்கொண்டது. அவள் கோபப்படுகிறாள் என்பது ஃபிக்ரிக்குத் தெரிந்தது. ஏன் கோபப்படுகிறாள் என்று யோசிக்கிற அளவுக்கு அவருக்குத் தைரியம் இல்லை. அந்த வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஹாஜி கொடுத்துவிட்டுப் போன ஊறுகாய் ஜாடியைத் திறக்கவே இல்லை.

அடுத்த வியாழக்கிழமை மத்தியானம் ஹாஜி முதல் பெட்டியில் கோழிக்கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். இரண்டாம் பெட்டியில் துடைத்து வைத்த இரண்டு சீட்டில் எதிரெதிரே டாக்டரும் வெதாத்தும். அவள் நீலத் தலைத்துணி கட்டியிருந்தாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஃபிக்ரி அவளை முழுசாகப் பார்த்தார், அதுவும் இன்னொருவருக்கு எதிரில். ரயில் கிளம்பியது. வாசலில் போய் வெளியே பார்த்தபடி நின்றார்.

நிலையத்து விளக்குக் கம்பம் கண்ணுக்கு மறைவதற்குள் முதல் இருமல் வந்தது.

பிறகு இன்னொன்று. டாக்டர் ஏதோ கேட்டார், வெதாத் ஏதோ பதில் சொன்னாள், ஃபிக்ரி இருமினார். டாக்டர் சிரித்தார், ஃபிக்ரி இரண்டு தரம் இருமினார். வெதாத் சிரித்தாள், அதற்கு மட்டும் தொண்டை கிழிய நாலு. பக்கத்து இருக்கைகளில் இருந்த இரண்டு ஜோடிகள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு விறைத்துப் போய் உட்கார்ந்திருந்தன. சித்தப்பாவுக்கு என்ன வந்தது என்று அவர்களுக்குப் புரியவில்லை. இரண்டாவது நிலையத்தில் ஒரு ஜோடி மரியாதையாக இறங்கி, கண்ணாடியில்லாத மூன்றாம் பெட்டிக்குப் போய்விட்டது. அடுத்த ஜோடியும் பின்னாலேயே போயிற்று.

டாக்டர் ரஃபத் எழுந்து வந்தார். நிஜமான அக்கறையோடுதான் வந்தார், அதுதான் கொடுமை.

"அண்ணே, இந்த இருமல் எத்தன நாளா?"

"இன்னிக்கித்தான் டாக்டர்."

"சளி வருதா?"

"இல்ல."

"நெஞ்சுல வலி?"

ஃபிக்ரி யோசித்தார். "அது இருக்கு" என்றார்.

"வாயத் திறங்க. இன்னும். 'ஆ' சொல்லுங்க."

முப்பத்திரண்டு வருஷம் கௌரவமாக உத்தியோகம் பார்த்த மனுஷர், தொப்பியும் பித்தளைப் பொத்தானுமாக, வெதாத்தின் கண் எதிரில் வாயைப் பிளந்துகொண்டு "ஆ" என்றார். டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு புதினா மாத்திரையை எடுத்து அவர் நாக்கில் வைத்தார். "கடிக்காதீங்க, அப்படியே கரையட்டும். பேசக் கூடாது, இருமக் கூடாது." வெதாத் தலைத்துணி முனையை வாயில் அழுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அவள் தோள் குலுங்கியது.

ரயில் வாத்து வளைவில் திரும்பியது. ஒன்பது நிமிஷம். ஃபிக்ரி வாயில் மாத்திரையோடு வாசலில் நின்றார். இருமவும் வழியில்லை.

"டாக்டர், ஒரு நிமிஷம் பொறுத்துக்குங்க" என்ற குரல் கேட்டது. வெதாத்துதான். "ஃபிக்ரி சார், இங்க வாங்க. நான் விசாரிக்க வந்திருக்கேன்."

ஃபிக்ரி திரும்பினார். மாத்திரையை ஒதுக்கிக்கொண்டு, "யாரைப் பத்தி மேடம்?" என்றார். குரல் பழக்கத்தில் வந்தது.

"இந்த லைன்ல ஒரு கண்டக்டர் இருக்காரு. பேரு ஃபிக்ரி. எப்படிப்பட்ட ஆளு?"

டாக்டர் ரஃபத் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து சூரியகாந்தி விதையை எடுத்து மெல்லக் கொறிக்க ஆரம்பித்தார்.

ஃபிக்ரி மாத்திரையை முழுசாக விழுங்கினார். விசாரிக்க வந்தவர்களுக்கு உள்ளதைச் சொல்வதுதான் அவர் பழக்கம். அதைத் தவிர வேறெதுவும் அந்த நேரத்தில் அவருக்குத் தெரியவில்லை.

"வீடு அஞ்சாம் மாடி" என்றார். "லிஃப்ட் கெடையாது."

"ம்."

"குறட்டை விடுவான். தங்கச்சிங்க சொல்லியிருக்காளுங்க."

"ம். சமையல்?"

"அவரைக்கொட்டை மட்டும் வேகவைப்பான். அதுவும் அடிபிடிக்கும்."

"குடி கிடி?"

"தேத்தண்ணிதான் மேடம். அதுவும் ஒரே ஒரு ஜன்னல்ல வாங்கிக் குடிச்சாத்தான் தொண்டையில எறங்கும்."

வெதாத் கீழே பார்த்தாள். "பெரிய கோளாறு ஏதாவது?"

"இருக்கு. ஊருக்கெல்லாம் பேசுவான், தனக்குன்னு வந்தா வாய் திறக்காது. ஒரு வாக்கியத்த ஒன்பது வருஷமா சுமந்துக்கிட்டுத் திரியறான். கோழைப் பய. அவன நம்பினா எதுவும் நடக்காது மேடம், அதயும் சொல்லிடணும்."

"ஆணையிட்டுச் சொல்லுங்க. உங்க தங்கச்சியா இருந்தா அந்த ஆளுக்குக் குடுப்பீங்களா?"

இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லாமல் விட்டதே இல்லை. இப்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அதுக்குப் பதில் சொல்ல முடியாது மேடம். நான் உங்கள ஒரு நாள்கூடத் தங்கச்சியா நெனச்சதில்ல."

டாக்டரின் பல்லுக்கு நடுவே இருந்த விதை அப்படியே நின்றது. பிறகு அதைக் கடித்து, தொலியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. இல்லை என்று சொல்ல முடியாது. "பொண்ணு பாக்க வந்தேன்" என்றார். "நோயாளிதான் கெடச்சாரு. வியாதி என்னன்னு தெரிஞ்சுபோச்சு, என் கடையில அதுக்கு மருந்து இல்ல."

"டாக்டர், என்ன மன்னிச்சிருங்க" என்றாள் வெதாத்.

"மன்னிக்க என்னம்மா இருக்கு. ஹாஜிகிட்ட நான் பேசிக்கிறேன். கசப்பு மருந்த எப்படிக் குடுக்கணும்னு எனக்குத் தெரியும்." முதல் பெட்டிக்குப் போகும் கதவைத் திறந்து, போனபின் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார். உண்மையிலேயே நல்ல மனுஷர்தான்.

பெட்டியில் வேறு யாரும் இல்லை. நாணல் காடு ஜன்னலை உரசிக்கொண்டு போயிற்று.

"உக்காருங்க" என்றாள் வெதாத்.

"டியூட்டியில கண்டக்டர் உக்காரக் கூடாது மேடம்."

"இன்னும் ரெண்டு வாரம் போனா டியூட்டியே கெடையாது. உக்காருங்கன்னா!"

ஃபிக்ரி எதிர் இருக்கையில் உட்கார்ந்தார். முப்பத்திரண்டு வருஷமாக அந்தப் பெட்டியில் அவர் உட்கார்ந்ததே இல்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தொப்பியை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முதல் பெட்டியில் ஹாஜி "என்னது?" என்று கத்துவது கேட்டது, கூடவே நாலைந்து கோழிகளும் கத்தின.

"சொல்லுங்க" என்றாள் வெதாத். "அந்த வாக்கியம் என்ன?"

அவர் சொன்னார். பாதி கழலாமல், முழுசாகச் சொன்னார்.

வெதாத் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் தலைத்துணியால் கண்ணைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். அழுகை நிற்கவில்லை. "சம்மதம் ஃபிக்ரி" என்றாள். "ஒன்பது வருஷமாச் சம்மதம். பாவி மனுஷா, உங்க வாயத் திறக்க வைக்க ஒரு ரயிலயே நிறுத்த வேண்டியதாப் போச்சே!"